பெண்மக்களுக்குப் பாடசாலை தெரிதல்

பெற்றோர் தம் மக்களுக்குச் செய்யுங் கடமைகளுள் கல்வி கொடுத்தல் தலையாயது என்பதை யாவரும் ஒப்புவர். எங்கே, எவரிடத்து, எதன்பொருட்டுக் கொடுத்தல் வேண்டும் என்னும் வினா எழும்போதோ அறிவுடையோரும் தடுமாறுகின்றனர். இதனைப் படிக்கும் சைவ ஆசிரியர்கள் ஆண்டுதோறும் இவ்வினாவிற்கு விடை கூறவேண்டியவர்களாயிருத்தலின், யாம் கூறிய விடையொன்றையும் அதன்கண் யாம் பின்னர்க் கண்ட குற்றத்தையும் அவர்முன் வைக்கின்றோம்.

வீரமுனைச் சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கோயிலில் ஒருநாள் மாலைப்பூசை முடிந்து வெளிவீதிக்கு வந்தபோது, வேளாண்மை செய்து வாழும் அன்பரொருவர் எம்மை அணுகினார். அவருக்கு இரட்டைப் பெண்மக்கள் உளர். இருவரும் எம்மிடத்துப் படித்து ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சை எழுதியவர்கள். முந்திப் பிறந்தவள் மட்டக்களப்பிலுள்ள அரசினர் மகளிர் கல்லூரியொன்றுக்குரிய வெட்டுப்புள்ளியைக் கடந்தாள். பிந்திப் பிறந்தவள் அதனை மூன்று புள்ளியால் தவறினாள். மொத்தப் புள்ளி 200 ஆகும் பரீட்சையில் மூன்று புள்ளி எத்துணைச் சிறிதென்பதை ஆசிரியர்க்குச் சொல்லவேண்டுவதில்லை.

பிள்ளைகளின் தாய்மாமன் இலண்டன் மாநகரில் வாழ்பவர். யாழ்ப்பாணத்துத் தனியார் மகளிர் கல்லூரியொன்றின் விடுதியில் இருவரையுஞ் சேர்ப்பதாயின் செலவு முழுவதையுந் தாமே ஏற்பதாக அவர் சொல்லியிருந்தார். ஆகவே தந்தையார் முன் இரண்டு வழிகள் நின்றன. அரசினர் கல்லூரி கட்டணமின்றிக் கற்பிக்கும். ஆனால் ஒருத்தியையே ஏற்கும். தனியார் கல்லூரி இருவரையும் ஏற்கக்கூடும். ஆனால் பிறர் பொருளாற் படிக்கவேண்டும். “ஐயா, எதைச் செய்வது முறை?” என்று அவர் வினவினார்.

இவ்விருவகைப் பாடசாலைகளும் தோன்றிய வரலாற்றை ஈண்டுச் சிறிது நோக்குதல் நலம். மட்டக்களப்பு வின்சன்ற் மகளிர் உயர்தரப் பாடசாலை 1820ஆம் ஆண்டில் மெதடிஸ்த மிஷனாராலும், உடுவில் மகளிர் கல்லூரி 1824இல் அமெரிக்க மிஷனாராலும், சுண்டிக்குளி மகளிர் கல்லூரி 1896இல் அங்கிலிக்கன் சபையாராலும் தொடங்கப்பட்டன. 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவிநன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசினர் பொறுப்பேற்றபோது, வின்சன்ற் பாடசாலை அரசினர் பாடசாலையாயிற்று. உடுவிலும் சுண்டிக்குளியும் அரசின் பொருளுதவியை விடுத்துத் தனியாராக நின்றன. ஆதலின் இன்று அரசினதென்றும் தனியாரதென்றும் நாம் பிரித்துப் பேசும் பாடசாலைகளிற் பல ஒரே வேரிலிருந்து கிளைத்தவை.

புலமைப்பரிசிற் பரீட்சையோ, இலவசக் கல்வியை 1945இல் நிலைநாட்டிய கன்னங்கரா அவர்கள் காலத்து மத்திய கல்லூரிகளோடு தொடர்புடையது. நகரத்துச் செல்வர் மக்களுக்கே வாய்த்த உயர்தரக் கல்வியை நாட்டுப்புறத்து ஏழைப்பிள்ளையும் பெறுதற்கு ஒரு வாயில் திறத்தலே அதன் கருத்து. அவ்வாயிலால் நுழைந்து வைத்தியராயும் பொறியியலாளராயும் உயர்ந்தோர் இக்கிழக்கு மாகாணத்திற் பலர். அந்நன்மையை மறத்தல் நன்றிகேடாகும்.

மாமனார் எம்மோடு தொலைபேசியிற் பேசியபோது, தம் மகளுக்கும் இதுபோன்ற நிலையொன்று வந்ததெனக் கூறினார். இங்கிலாந்தில் 1944ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர்ப் பதினொரு வயதுப் பிள்ளைகளைப் பரீட்சையாற் பிரித்து, தேறியோரைக் கிராமர் பாடசாலைகளுக்கு அனுப்பும் முறை நாடெங்கும் பரவியது. அவ்வயதிற் பிரித்தல் தகாதென்னும் எண்ணம் வலுப்பெற்று, 1965ஆம் ஆண்டு முதல் அம்முறை பெரும்பாலான இடங்களிற் கைவிடப்பட்டது. எஞ்சிய அரசினர் கிராமர் பாடசாலைகள் இன்று 163. அவற்றுட் சில எம்மவர் மிகுதியாக வாழும் இலண்டனின் புறப்பகுதிகளில் உள. தனியார் பாடசாலைக் கட்டணத்தின்மீது 2025ஆம் ஆண்டு தை மாதம் முதல் நூற்றுக்கு இருபது வரியும் விதிக்கப்பட்டமையால், கிராமர் பாடசாலையை நாடுவோர்க்கு மற்றுமொரு காரணம் உண்டாயிற்று.

அவர் தம் மகளுக்குக் கிராமர் பாடசாலையையே தெரிந்தார். காரணம் கேட்டபோது, “அது அவள் தன் திறமையாற் பெற்றது, தனியார் பாடசாலையிடம் என் பணத்தால் வருவது” என்றார். அத்திறமையை வளர்த்தற்கு இரண்டாண்டு தனிவகுப்புகளுக்குக் கொடுத்த பொருளை யாம் வினவினோம். அவர் சற்று மௌனமாயிருந்து, பின்னர்ச் சிரித்தார்.

எனினும், தந்தையாருக்கு யாமும் அவ்விடையையே முதற்கண் கூறினோம். “உம் மகள் தன் உழைப்பாற் பெற்ற இடம் அது. அதை விடுதல் அவளுக்குச் செய்யும் அநீதி. மற்றவளைக் கல்முனையிற் படிப்பியும். மைத்துனர் பணத்தை நாடவேண்டாம்” என்றோம். அவர் அதனை மறுத்துரைத்த சொற்கள் இன்றும் எம் நெஞ்சில் நிற்கின்றன.

“ஐயா, விடியற்காலை ஐந்து மணிக்கு இருவரும் ஒரே விளக்கின்கீழ் இருந்து படித்தார்கள். உழைப்பில் நான் வேற்றுமை காணவில்லை. எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்கவேண்டும். எனக்கு இரண்டு பெண்கள். ஆகவே இரண்டு வீடு கட்டவேண்டும். புள்ளி கூடியவளுக்கு வீடு, குறைந்தவளுக்கு இல்லை என்று நான் சொல்வேனா?”

யாம் விடையின்றி நின்றோம். மட்டக்களப்புத் தேசத்தில் மனை பெண்வழியே செல்வது தொன்றுதொட்ட வழக்கம். வறியவனும் தன் மக்களுள் ஒருத்திக்குக் கல்வீடும் மற்றொருத்திக்கு வெறுவளவும் கொடுக்க நாணுவான். அந்நாணம் கல்வியின் பொருட்டு நமக்கு ஏன் உண்டாவதில்லை? வீட்டைக் கடமையென்றும் பாடசாலையிடத்தைப் பரிசென்றும் நாம் கருதுதலே காரணம் என்பது அப்பொழுது எமக்குத் தோன்றிற்று.

உழைத்தவன் பெறுதல் நீதியன்றோ எனின், உழைப்புக்குப் பயன் உண்டென்பது மெய்யே. ஆயினும் பத்து வயதுப் பிள்ளையின் புள்ளியில் அப்பிள்ளையின் உழைப்பு எவ்வளவு, தாயின் எழுத்தறிவு எவ்வளவு, தனிவகுப்புக்குக் கொடுத்த காசு எவ்வளவு, பரீட்சை நாளிற் காய்ச்சலின்றியிருந்த நற்பேறு எவ்வளவு என்று பிரித்தறிவார் யார்? பணத்தால் வாங்கும் இடத்தை இழித்தும் புள்ளியாற் பெறும் இடத்தை உயர்த்தும் பேசுகின்ற நாம், புள்ளிக்குள்ளே மறைந்திருக்கும் பணத்தைக் காண்பதில்லை. அதனாற் பணத்தால் வாங்குதல் குற்றமற்றதென்பது எம் கருத்தன்று. கட்டணம் தகப்பனது பையை அளக்கின்றது. பரீட்சையும் ஓரளவு அதனையே அளக்கின்றது. ஆனால் ஏழைக்கும் ஒரு வழி விடுகின்றது. அவ்வகையில் அது மேலானதே. மேலானதென்பதனால் அது பிள்ளையின் மதிப்பைத் தீர்க்கும் துலாக்கோலாகிவிடாது.

சைவசித்தாந்தம் பக்குவம் என்னும் ஒன்றைக் கூறுகின்றது. ஆசாரியன் மாணாக்கனது பக்குவம் நோக்கியே உபதேசிப்பன். தகுதி நோக்குதல் நமக்குப் புறம்பானதன்று. ஆனால் ஆசாரியன் நோக்குவது அம்மாணாக்கன் இன்று எதனை ஏற்கவல்லன் என்பதனை. அவன் அயலானை வென்றானா என்பதனையன்று. பக்குவம் வருங்காலமும் எல்லார்க்கும் ஒன்றன்று. இதனை எம்மினும் நன்கறிந்தவர் வேளாண்மைக்காரர். மூன்று மாத நெல்லும் உண்டு. நாலு மாத நெல்லும் உண்டு. தொண்ணூறாம் நாளில் வயலிற் சென்று, நாலு மாத நெல் முற்றவில்லையென்று அதனைப் பதரென்பார் உளரோ? பத்து வயதில் வைக்கும் பரீட்சை முன்னே விளைந்ததைக் காட்டும். பின்னே விளைவதை அது அறியாது.

ஈண்டு எம் குற்றத்தையும் சொல்லுதல் வேண்டும். பல ஆண்டுகளின் முன் யாம் கற்பித்த பாடசாலையொன்றிற் சித்தியடைந்தோரின் படங்களைப் பெரிய பதாகையில் அச்சிட்டு வாயிலிற் கட்டினோம். பெற்றோர் மகிழ்ந்தனர், யாமும் மகிழ்ந்தோம். சில புள்ளிகளாற் தவறிய சிறுமி ஒருத்தி அதன்பின் நெடுநாள் பின்வாயிலால் வந்து போனாள். யாம் அதனைக் கண்டோம், காரணமும் அறிந்தோம், பதாகையை அவிழ்க்கவில்லை. அவளுக்கு இழுக்குச் செய்தது பரீட்சையன்று. அதன்மேல் யாம் ஏற்றிய பெருமையே.

தனியார் மகளிர் கல்லூரியைப்பற்றி நம்மவர் கூறும் வேறொரு தடையும் உண்டு. அவை கிறிஸ்து சபைகளின் கீழ் உள்ளன. சைவப்பிள்ளை ஆங்கே தன் சமயத்தை மறக்குமென்பர். யாமும் மிஷன் பாடசாலையென்று ஊரார் இன்றும் வழங்கும் ஒன்றிற் படித்தவரே. ஆங்குக் கற்ற ஒழுங்கும் நேரந்தவறாமையும் எம்மை இன்றும் நடத்துகின்றன. திருநீறும் எம் நெற்றியிலிருந்து அழியவில்லை. காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் கற்றவர். நாவலரவர்கள் வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்பித்தவர். அவர்கள் பிறரை வைதுகொண்டிருக்கவில்லை. நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைக் கண்டார். பெண்மக்களின்பொருட்டு இராமநாதன் அவர்கள் 1913இல் மருதனார்மடத்திற் கல்லூரி நிறுவினார். அடிகளார் 1929இல் மட்டக்களப்பிற் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பினார். வீட்டிற் சமயம் வாழுமாயின் விடுதி அதனை எளிதில் அழிக்காது. வீட்டில் அது வாழாதாயின் சைவப் பெயர்ப்பலகை மட்டும் காப்பாற்றாது.

தொலைவு என்பதோ மெய்யான தடையே. கல்முனையிலிருந்து மட்டக்களப்பு ஏறக்குறைய 40 கிலோமீற்றர். யாழ்ப்பாணம் ஒருநாட் பயணம். 1990ஆம் ஆண்டில் இவ்வூர் கண்ட உயிரிழப்பையும் இடப்பெயர்வையும் நினைவிற் கொண்ட தாய்மார், பெண்பிள்ளையைத் தூரத்தே விட அஞ்சுதலை மூடத்தனமென்று ஆசிரியர் தள்ளுதலாகாது.

இவற்றையெல்லாம் எண்ணியபின், மறுவாரம் யாமே அன்பரின் வீட்டுக்குச் சென்று, “ஐயா, யாம் புள்ளியை முதலிற் பார்த்தோம், பிள்ளைகளைக் கடைசியிற் பார்த்தோம். அவர்களைத் தனித்தனியே கேட்பீராக” என்றோம். அவ்வாறே கேட்டார். முந்திப் பிறந்தவள், தான் விஞ்ஞானம் படிக்க விரும்புவதாகவும் மட்டக்களப்புக்குப் போக ஆசையென்றும் சொன்னாள். மற்றவள் தாயைவிட்டு இப்போது பிரியமாட்டேனென்றாள். தமக்கை போவதில் அவளுக்குத் துயரமேயன்றித் தாழ்வெண்ணம் இருக்கவில்லை. ஒருத்தி மட்டக்களப்பு அரசினர் கல்லூரிக்கும், மற்றவள் நாளும் பேருந்திற் கல்முனைக்கும் செல்வதென முடிவாயிற்று. மாமன் தருவதாகச் சொன்ன பொருளை இப்போது பெறாமல், சாதாரணதரப் பரீட்சையின்பின் எவளுக்கு உயர்தரக் கல்விக்குத் தேவையோ அவளுக்கு உதவும்படி தந்தையார் கேட்டுக்கொண்டார். அப்பரீட்சை மற்றொரு வாயிலன்றோ?

முடிவு எம் முதலுரையோடு ஒத்ததே. பின் யாம் கண்ட குற்றம் யாதெனின், காரணமே குற்றமாயிருந்தது. வென்றாளாதலின் அவள் போகவேண்டுமென்றோம். அவளுக்கு அது பொருந்துமாதலின் அவள் போகின்றாள். வென்றாளென்று அனுப்பியிருப்பின், தோற்றாளென்று ஒருத்தியை வீட்டில் நிறுத்தியிருப்போம். செயல் ஒன்றாயினும் அவ்விரண்டு காரணங்களும் அவ்வீட்டில் வெவ்வேறு சகோதரிகளை வளர்க்கும். இரண்டு வீடும் ஒரே வடிவினவாதல் வேண்டுவதில்லை. இரண்டும் வீடாயிருத்தலே வேண்டும். அவள் அவ்விடத்தை விரும்பாது விட்டிருப்பினும் இழப்பென்று யாம் புலம்பியிரோம். அவ்விடம் மற்றொரு தகப்பனின் பிள்ளைக்கு உதவக்கூடும்.

ஆசிரியப் பெருமக்காள்! அரசினர் கல்லூரியோ தனியார் கல்லூரியோ என்று பெற்றோர் உம்மை வினவும்போது, பாடசாலையின் பெயரைக் கூறுமுன் பிள்ளையின் இயல்பையும் விருப்பத்தையும், வீட்டின் வலியையும், உடன்பிறந்தாரின் நிலையையும் வினவுங்கள். எப்பாடசாலை சிறந்ததென்பதிலும், இப்பிள்ளையை எப்பாடசாலை மனிதப்பிறவிக்குரிய மதிப்போடு நடத்துமென்பதை ஆராயுங்கள். பெறுபேறு வருமுன்னரே, எத்தனை புள்ளி வரினும் உன்னை இகழோம் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லுங்கள். வந்தபின் அச்சொல்லைக் காப்பாற்றுங்கள். இரு கல்லூரிக்கும் செல்லாது ஊர்ப்பாடசாலையில் எஞ்சிநிற்கும் பெருந்தொகையினர் நம் கையில் உள்ளவர். அவர்க்கு நாளைக் காலை நாம் கற்பிக்கும் பாடத்தைச் செம்மையாகக் கற்பித்தலே இவ்வினாவிற்கு நம்மாற் கொடுக்கத்தக்க மேலான விடையாகும்.

இவ்வாண்டு எம் பாடசாலை வாயிலிற் பதாகை கட்டப்படவில்லை. சில பெற்றோர் எம்மைக் குறைகூறினர். கூறட்டும்.

திருவருள் முன்னிற்க.