பூனைக்குக் காட்டும் அருளும் கொடைமடமும்

தெருவில் கிடந்த பூனையையோ, வேறொருவர் வளர்க்க முடியாமல் விட்டுப்போன பூனையையோ வீட்டுக்குள் எடுத்துக்கொள்பவர் அந்த உயிருக்கு எவ்வளவு கடன்பட்டவர் என்பது பழைய அறக்கேள்வி. ஒரு வேளைச் சோறும் ஒதுங்க ஒரு மூலையும் கொடுத்தால் கடன் தீர்ந்ததா, அல்லது அங்கேதான் கடன் தொடங்குகிறதா? தோல் வறண்டு, தவிடு போலச் செதில் உதிர்ந்து, தடவிய கையெல்லாம் முடியாக ஒட்டும் ஒரு பூனையின் முன்னால் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. அதன் பசி தீர்ந்திருக்கும், துன்பம் தீர்ந்திருக்காது.

திருப்பூரில் ஊத்துக்குளி சாலையை ஒட்டியுள்ள மண்ணரை போன்ற பகுதியில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. இங்கே பல வீடுகளில் முன்னறையே தொழிற்கூடம். ஒரு பக்கம் ஓவர்லாக் மிஷின், இன்னொரு பக்கம் பிசிர் வெட்டக் குவித்த பீஸ்கள், மூலையில் கட்டிங் வேஸ்ட் மூட்டை. பூனைக்கு அந்த மூட்டையை விட நல்ல மெத்தை கிடையாது. ஆனால் வெள்ளைப் பனியனில் ஒட்டிய ஒரு கருப்பு முடி செக்கிங் மேசையில் பளிச்சென்று தெரிந்துவிடும். அந்த பீஸ் திரும்பி வரும். பூனையின் தோல் அந்த வீட்டின் சனிக்கிழமைச் சம்பளத்தையும் தொடுகிறது. எனவே எடுத்து வளர்த்த பூனையைத் திரும்பவும் தெருவில் விட்டுவிடலாமா என்ற எண்ணம் கொடுமையால் மட்டும் வருவதில்லை. பிழைப்பின் நெருக்கடியாலும் வருகிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அருளைப் பற்றித் தமிழ் மரபு சொல்லும் புகழ்பெற்ற கதை வையாவிக்கோப் பெரும்பேகனுடையது. பழனி மலைப் பகுதியை ஆண்ட அவன், தோகை விரித்தாடிய மயில் குளிரில் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையை அதற்குக் கொடுத்தான். மயிலுக்குப் போர்வை தேவையில்லை; உடுத்தவும் தெரியாது. ஆயினும் அவன் கடையெழு வள்ளல்களில் ஒருவனாக நின்றான். பயன் பாராமல், பெறுவோரின் தன்மை ஆராயாமல் கொடுக்கும் இந்தக் குணத்துக்குக் கொடைமடம் என்று பெயர். பரணர் புறநானூற்றில் இதைக் குறையாகச் சொல்லாமல் பெருமையாகவே சொல்கிறார். மடம் என்ற சொல்லுக்கு அறியாமை என்பது பொருள். கொடையோடு சேரும்போது அறியாமையும் அழகாகிறது.

அதே பேகனைப் பற்றி இன்னொரு செய்தியும் புறநானூற்றில் இருக்கிறது. அவனால் கைவிடப்பட்ட மனைவி கண்ணகிக்காகக் கபிலரும் பரணரும் அரிசில் கிழாரும் பெருங்குன்றூர் கிழாரும் அவனிடம் சென்று பேசினார்கள். தங்களுக்குப் பரிசில் வேண்டாம், அவள் துயரைத் தீர்த்தால் போதும் என்பதே அவர்கள் கேட்டதன் சாரம். வழியில் கண்ட மயிலுக்கு இரங்கிய மனம், தன்னையே நம்பியிருந்தவளின் கண்ணீரைப் பார்க்கவில்லை. வழிப்போக்கில் காட்டும் இரக்கத்துக்கும் பொறுப்பேற்ற உயிரிடம் காட்ட வேண்டிய இரக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துப் படித்தால் காணலாம். முன்னதில் கொடைமடம் புகழாகலாம். பின்னதில் அது போதாது.

ஏன் போதாது என்பதற்கு விடை, அடைத்து வைத்தல் என்ற செயலில் இருக்கிறது. ஒரு பூனையைக் கட்டிப்போட்டு உணவும் கொடுக்காமல், தானே இரை தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண்ணுக்குத் தண்டனை கிடைத்ததாக நபிமொழித் தொகுப்பான ஸஹீஹுல் புகாரி சொல்கிறது. அங்கே குற்றம் பட்டினி மட்டும் அன்று. பூனையின் சொந்த வழியை அடைத்துவிட்டு மாற்று வழி கொடுக்காததும் குற்றம். சமணத்தில் உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம், இல்லறத்தாரின் கொல்லாமை நோன்புக்கு வரும் ஐந்து மீறல்களை வரிசைப்படுத்துகிறது: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மீறிச் சுமை ஏற்றல், உணவும் நீரும் மறுத்தல். ஐந்தில் எதுவும் கொலை இல்லை. ஐந்தும் நம் கைக்குள் இருக்கும் உயிருக்கு நாம் செய்யக்கூடியவை. சந்திரப்பிரப தீர்த்தங்கரர் கோயில் உள்ள விஜயமங்கலம் மண்ணரையிலிருந்து வெகு தொலைவில் இல்லை. கொங்கு மண்ணுக்கு இந்த அறம் அந்நியமன்று.

இன்றைய சட்டமும் இதே இடத்தில்தான் நிற்கிறது. விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960இல் நிறைவேறியது. மாநிலங்களவையில் இதற்காக முன்பே தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் ருக்மிணி தேவி அருண்டேல். 1962இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. ஒரு விலங்கைத் தம் பொறுப்பில் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதன் நலனுக்கு வேண்டிய நியாயமான ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும் என்கிறது அந்தச் சட்டத்தின் 3ஆம் பிரிவு. இங்கேயும் கடமைக்கு அடிப்படை அன்பு அன்று, பொறுப்பு. அன்பு இல்லாதவருக்கும் அது உண்டு.

கடமை உண்டு என்றானபின், அதன் அளவு என்ன என்ற கேள்வி எழுகிறது. வள்ளலார் (1823–1874) ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் உயிர்களுக்கு வரும் துன்பங்களைப் பசி, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம், கொலை என ஏழாக வகுத்தார். பசியையும் கொலையையும் நீக்குவது பர ஜீவகாருண்யம், மற்றவற்றை நீக்குவது அபர ஜீவகாருண்யம் என்று தரம் பிரித்தார். 1867இல் வடலூரில் அவர் தருமச்சாலை அமைத்ததும் பசியையே முதலில் வைத்த இந்தப் பார்வையால்தான். இந்த வரிசைப்படி பூனையின் தோல் வறட்சி பிணி. அது இரண்டாம் தரத்துக்குப் போய்விடும்போலத் தோன்றும்.

பூனையின் உடலை அறிந்தால் அந்த வரிசை வேறு விதமாக விளங்கும். முடி பெரும்பாலும் புரதம். பூனை உண்ணும் புரதத்தில் கணிசமான பங்கு தோலுக்கும் முடிக்குமே செலவாகிறது. தோல் நலத்துக்கும் வேண்டிய அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பமிலத்தை நாய் தாவர எண்ணெயிலிருந்து உருவாக்கிக்கொள்ளும். பூனையால் போதிய அளவு முடியாது. கேரட்டிலும் கீரையிலும் உள்ள கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்றவும் அதனால் இயலாது. எனவே பால் சோறும் தயிர் சோறும் தின்று வயிறு புடைத்த பூனைக்கும் தோல் பட்டினி கிடக்கலாம். வயிற்றுக்குத் தெரியாத பசி அது. செதிலாக உதிர்வதும் முடியாகக் கொட்டுவதும் அந்தப் பசியின் குரலாக இருக்கலாம். அப்போது பிணி நீக்குவதும் பசி நீக்குவதும் ஒரே செயலாகின்றன.

'இருக்கலாம்' என்ற சொல் இங்கே முக்கியம். திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயையும் அதன் காரணத்தையும் தணிக்கும் வழியையும் வரிசையாக ஆராய்ந்த பிறகே செயலில் இறங்கச் சொல்கிறது. பூனைக்கும் அதே முறைதான். முதலில், முடி உதிர்வதெல்லாம் நோயன்று. குளிர்நாடுகளில் பகல் நீளுவதையும் குறுகுவதையும் ஒட்டிப் பூனைகள் பருவத்துக்குப் பருவம் முடி மாற்றுகின்றன. திருப்பூர் இருக்கும் அட்சரேகையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரமே. இரவு ஷிப்டுக்கு டியூப்லைட் எரியும் வீட்டில் அதுவும் மங்கிவிடும். ஆகவே இங்குள்ள பூனை ஆண்டு முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்துக்கொண்டே இருக்கும். புது வீட்டின் அச்சத்தாலும் முதல் சில வாரங்கள் கூடுதலாகக் கொட்டும். பெர்சியன் போன்ற நீள்முடிப் பூனையில் இது இன்னும் கண்ணில் படும். வழுக்கைத் திட்டு, புண், ஓயாத சொறிதல் இல்லாவிட்டால் கவலைப்பட அவசரமில்லை.

அடுத்தது சோதனை. அதற்கு வேண்டியது பேன்சீப்பும் ஒரு துண்டு வெள்ளைப் பனியன் வேஸ்ட்டும். இரண்டும் மண்ணரையில் எந்த வீட்டிலும் கிடைக்கும். பூனையின் முதுகிலிருந்து வால் அடி வரை சீப்பால் வாரி, சீப்பில் வந்ததை ஈரமாக்கிய வெள்ளைத் துணியில் தட்ட வேண்டும். கரும்பொடி சிறிது நேரத்தில் துருச்சிவப்பாகக் கசிந்து பரவினால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம். பூனையின் ரத்தம்தான் அதில் செரித்துக் கிடக்கிறது. கரைந்து காணாமல் போகாத வெண்செதில் வறட்சியைக் காட்டும். ஆனால் அந்தச் செதில் நகர்வது போலத் தெரிந்தால் அது ஒருவகைச் சிற்றுண்ணி. முடி வட்டமாக உதிர்ந்து ஓரம் செதில் கட்டியிருந்தால் படர்தாமரைப் பூஞ்சையைச் சந்தேகிக்க வேண்டும். அது வீட்டுக் குழந்தைகளுக்கும் தொற்றும். குண்டான பூனைக்கும் மூட்டு வலியுள்ள கிழப்பூனைக்கும் நாக்கு எட்டாத இடுப்புப் பகுதியில் மட்டும் செதில் சேரும். நன்றாகத் தின்றும் மெலிந்து முடி கொட்டும் கிழப்பூனைக்குத் தைராய்டு சுரப்பு மிகுந்திருக்கலாம். இவற்றைப் பிரித்தறிவது கால்நடை மருத்துவர் வேலை. அவரிடம் எடுத்துச் செல்வது வளர்ப்பவர் கடமை.

காரணம் உணவு என்று தெரிந்தால் உண்மையான அறச்சிக்கல் தொடங்குகிறது. புலால் உண்ணாத வீட்டில் பூனைக்கு மீனும் கோழியும் கொடுப்பது முறையா? ஓர் உயிரைக் காக்க இன்னோர் உயிரைக் கொல்வதா? திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரம் பேசுவது தேர்ந்தெடுக்க முடிந்த மனிதனிடம். பூனைக்கு அந்தத் தேர்வு இல்லை. டாரின் என்ற சத்து இல்லாத உணவில் பூனையின் விழித்திரை கெடும் என்று 1975இல் காட்டினார்கள். அதே குறையால் இதயமும் வீங்கித் தளரும் என்பது 1987இல் தெரிந்தது. தாவர உணவில் டாரின் இல்லை என்றே சொல்லலாம். எனவே சைவ வீட்டார்முன் நேர்மையான வழிகள் சிலவே. பூனையை ஏற்காமல், அதன் இயல்புக்கு இடம்கொடுக்கும் வீட்டைத் தேடித் தருவது ஒன்று. ஏற்றுக்கொண்டு, டாரின் சேர்த்த முழுமையான பூனை உணவை வாங்கி ஊட்டுவது இன்னொன்று. அதிலும் பெரும்பாலும் இறைச்சியே இருக்கும் என்பதை அறிந்தே செய்வது அது. தன் நோன்பைப் பூனையின் மேல் ஏற்றுவது மட்டும் அறமாகாது. அது சமணர் சொன்ன 'உணவு மறுத்தல்' என்ற மீறலின் சாத்விக வடிவம்.

மீன் கொடுக்கும் வீட்டுக்கும் அளவு உண்டு. உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்த மத்தி தோலுக்கு நல்லது. நாள்தோறும் அதையே கொடுத்தால் வைட்டமின் ஈ குறைந்து உடற்கொழுப்பு அழலும். வெங்காயமும் பூண்டும் சேர்ந்த குழம்புச் சோறு பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பூனை இயல்பாகவே தண்ணீர் குறைவாகக் குடிக்கும் பாலைநிலத்து மரபு உடையது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக்காற்றும் சித்திரை வெயிலும் வறட்சியைக் கூட்டும்போது, ஈரமான உணவு தோலுக்கு உள்ளிருந்து உதவுகிறது. உணவை ஒரு வாரம் பத்து நாளில் மெதுவாக மாற்றினால் வயிறு கெடாது. முடியில் மாற்றம் தெரிய ஒன்றரை இரண்டு மாதமாகும்.

கொடைமடம் மிகுதியாகத் தீங்கு செய்வது மருந்தில்தான். மனிதனுக்கு நல்லதெல்லாம் பூனைக்கும் நல்லது என்ற எண்ணத்தில் வேப்பெண்ணெயும் கற்பூரமும் தைலமும் தடவுகிறார்கள். பூனை தடவியதை நக்கியே தீரும்; இத்தகைய பொருள்களை முறித்து வெளியேற்றும் நொதித்திறன் அதன் ஈரலில் குறைவு. பினாயில் தெளித்த தரையில் நடந்து பாதத்தை நக்கினாலும் அதே ஆபத்து. நாயின் உண்ணிக்கு விற்கும் பெர்மெத்ரின் மருந்து பூனையைக் கொன்றுவிடக்கூடும். பொடுகு ஷாம்பூவும் அடிக்கடி குளிப்பாட்டுவதும் இருக்கும் எண்ணெய்ப் பசையையும் கழுவிவிடும். உப்பேறிய போர்வெல் தண்ணீர் கிடைக்கும் நொய்யல் ஆற்றங்கரையில் அதைத் தவிர்ப்பது இன்னும் அவசியம். நாள்தோறும் ஐந்து நிமிடம் முடி போகும் திசையில் மெல்ல வாருவது இவை எல்லாவற்றையும் விட நல்லது. உதிர வேண்டிய முடி துணியில் ஒட்டாமல் சீப்பில் வந்துவிடும். எண்ணெய்ப் பசை தோலெங்கும் பரவும். தெள்ளும் புண்ணும் அன்றன்றே கண்ணில் படும்.

வைணவ மரபு பூனையை வைத்தே அருளை விளக்கியது. குட்டி ஒன்றும் செய்யாமல் கிடக்க, தாய்ப்பூனை கவ்விக்கொண்டு போவது மார்ஜார நியாயம். தாயின் வயிற்றைக் குட்டி இறுகப் பிடித்துக்கொள்வது மர்க்கட நியாயம் என்னும் குரங்கின் நெறி. முன்னதைத் தென்கலையாரும் பின்னதை வடகலையாரும் ஏற்றனர். இதோடு இணைந்த வாதம் ஒன்று உண்டு. வாத்ஸல்யம் என்ற சொல் கன்றைக் குறிக்கும் வத்ஸம் என்பதிலிருந்து வந்தது. ஈன்ற பசு கன்றின் மேலுள்ள அழுக்கை விரும்பி நக்குவது போல, அடியாரின் குற்றத்தையே இறைவன் இனிதாகக் கொள்கிறான் என்பது பிள்ளை லோகாசாரியர் வழிவந்த தென்கலைக் கொள்கை. இல்லை, குற்றத்தைக் காணாதது போல விடுகிறான் என்பது வேதாந்த தேசிகர் வழிவந்த வடகலைக் கொள்கை.

தத்தெடுத்த பூனை குட்டியின் இடத்திலும் மனிதர் தாய்ப்பூனையின் இடத்திலும் இருக்கிறார்கள். பூனை கேட்கவில்லை என்பது அவர்களுக்குச் சாக்காகாது. ஆனால் கடவுளுக்குச் சொன்ன இரண்டு நெறிகளையும் அப்படியே மனிதர் எடுத்துக்கொள்ள முடியாது. கொட்டும் முடியைச் செல்லமாகக் கொண்டாடுபவரும், காணாதது போல விடுபவரும் ஒரே தவறைச் செய்கிறார்கள். இருவருமே செதிலை உற்றுப் பார்ப்பதில்லை. பசுவின் நாக்கு கன்றின் உடலை உலர்த்துகிறது, ரத்த ஓட்டத்தைத் தூண்டுகிறது. அன்பு என்று நாம் பார்ப்பது அங்கே வேலையாகவும் இருக்கிறது. மனிதரின் வாத்ஸல்யமும் அவ்வாறே, உயிரின் இயல்பை அறிந்து செய்யும் வேலையாக இருந்தால்தான் அந்த உயிரைச் சேரும்.

பிழைப்பின் நெருக்கடிக்கும் இங்கே விடை கிடைக்கிறது. பீஸ் வைக்கும் அறைக்கு ஒரு கதவோ வலையோ போட்டு, பூனைக்கென்று ஒரு வேஸ்ட் மூட்டையை வேறு மூலையில் வைப்பது அறத்துக்கு மாறானதன்று. வீட்டாருக்கும் பூனைக்கும் இடையே அமையும் ஒழுங்கு அது. அதற்கும் வழியில்லாதவர் தகுந்த வேறு வீட்டைத் தேடிப் பூனையை ஒப்படைக்கலாம். பொறுப்பை இன்னொருவர் கைக்கு மாற்றுவது வேறு, தெருவில் இறக்கிவிடுவது வேறு. முன்னதில் கடன் கைமாறுகிறது. பின்னதில் கடன் அப்படியே நிற்கிறது.