மறுக்கும் உரிமை

சேந்தமங்கலத்திலிருந்து காரவள்ளி வழியாகக் கொல்லிமலை ஏறுவோர் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். எதிரே வருவது தெரியாத நிலையிலும் வேகத்தை எவ்வளவு குறைப்பது என அறிந்திருப்பதே ஓட்டுநரின் திறமை. நிதிக் கணிதம் என்னும் துறையும் ஏறக்குறைய இதையே செய்ய முயல்கிறது. நாளைய விலையை அது முன்னறிவிப்பதில்லை. விலை மாறினால் நேரக்கூடிய இழப்பை அளக்க முற்படுகிறது.

இவ்வூர் இளைஞர் ஒருவர், கணிதப் பட்டதாரி, இத்துறையை நோக்கி இரு வழிகளைக் கூறி என் ஆலோசனையை நாடினார். ஒன்று, 1931-இல் மகலனோபிஸ் நிறுவிய கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகம்; கட்டணமின்றி, உதவித்தொகையும் தந்து கற்பித்த மரபுடையது. மற்றொன்று, நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கூரண்ட் கணிதக் கழகம். நிதிக் கணிதத்துக்கென்றே முதுகலைப் படிப்பு அங்குண்டு. செலவோ பல பத்து இலட்சம்.

"வேலை கிடைத்ததும் மூன்றே ஆண்டில் கடனை அடைத்துவிடுவேன், ஃபாதர்" என்றார். அடமானமாகவிருந்தது தந்தையின் மரவள்ளிக் காடு.

"பணத்தின் பின்னே ஓடாதே, தம்பி" என்று சொல்ல வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். குடும்பச் சுமை அறியாதவன் வழங்கும் அவ்வறிவுரை மிக மலிவானது. செல்வத்தை அரிஸ்டாட்டில் இகழவில்லை. அது வேறொன்றை அடைவதற்கான வழி, இறுதி நன்மை அன்று என்றே கூறினார். எனவே எப்படிப்பு அதிகம் ஈட்டித் தரும் என்பதோடு கேள்வி முடிவதில்லை. ஈட்டும் காலத்தில் நான் எத்தகைய மனிதனாக இருக்க முடியும் என்பதும் கேட்கப்பட வேண்டும்.

இத்துறையின் வரலாறே ஒரு பாடம் தருகிறது. மெர்ட்டன், ஷோல்ஸ் இருவரும் 1997-இல் பொருளியலுக்கான நோபல் நினைவுப் பரிசு பெற்றனர். அவர்கள் பங்காளிகளாயிருந்த முதலீட்டு நிறுவனம் மறு ஆண்டே நிலைகுலைந்தது. 1998-இன் தொடக்கத்தில் அது தன் முதலைப் போல் 25 மடங்குக்கு மேல் கடன்பட்டிருந்தது. கணிதம் அறியாதவர்களா அவர்கள்? அல்லர். கடந்த காலம் காட்டாதது இனியும் வாராது என்னும் நம்பிக்கையின் மீது அவ்வளவு கடனையும் ஏற்றியிருந்தனர்.

"உன் மூன்றாண்டுக் கணக்கு எதன்மீது நிற்கிறது?" என்று கேட்டேன். இளைஞர் மௌனமானார்.

கடன்பட்ட இளைஞன் இழப்பது வட்டியை மட்டுமன்று. முறையற்ற ஒரு பணியை மேலதிகாரி ஏவும்போது 'செய்யமாட்டேன்' என்னும் உரிமையையும் அவன் அடகு வைத்துவிடுகிறான். அறத்தின் பெரும்பகுதி அந்த ஒரு சொல்லில் அன்றோ அடங்கியிருக்கிறது!

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற எஸ். ஆர். சீனிவாச வரதன், தொழில்துறைப் புள்ளியியல் கற்கும் எண்ணத்துடன் கொல்கத்தாக் கழகம் சென்றார். அங்கே மனம் மாறி நிகழ்தகவுக் கோட்பாட்டில் ஈடுபட்டார். 1963-இல் கூரண்ட் கழகத்தை அடைந்தார். 2007-இல் ஏபெல் பரிசு பெற்றார். மனம் மாற இடமளித்த தெரிவு அது.

அப்படியானால் ஏழை மாணவன் கடனே வாங்கலாகாதா? வாங்கலாம். எண்ணியது கைகூடாத நாளிலும் தந்தையின் நிலத்தை விழுங்காத அளவுக்கு வாங்கலாம். அந்த அளவைக் கணிக்கும் ஆற்றல் என்னைவிட அவருக்கே மிகுதி.

தாளும் எழுதுகோலும் கேட்டு வாங்கினார். முதல் ஈராண்டுகள் வேலையே இல்லையெனக் கொண்டு, மேலிருந்து மீண்டும் கணக்கைத் தொடங்கினார்.