ஆளைக் கொடுத்து ஆளை வாங்குவது

2025 நவம்பர் 15 அன்று சென்னை சூப்பர் கிங்ஸ் ரவீந்திர ஜடேஜாவை ராஜஸ்தான் ராயல்ஸுக்குக் கொடுத்தது. கூடவே சாம் கரனையும் கொடுத்தது. பதிலுக்கு சஞ்சு சாம்சன் வந்தார். சாம்சனின் சம்பளம் 18 கோடி அப்படியே தொடர்ந்தது. அதே 18 கோடியில் இருந்த ஜடேஜா 14 கோடிக்கு இறங்கினார். அவருக்கு 37 வயது ஆக இன்னும் மூன்று வாரம் இருந்தது. சாம்சனுக்கு அந்த வாரம்தான் 31 முடிந்திருந்தது.

காஞ்சிபுரத்தில் என் நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். "பத்தாவது எடத்துல முடிச்ச டீமுடா இது. கீப்பர் வேணும், ஓப்பனர் வேணும், நாளைக்கு ஒரு கேப்டன் வேணும். மூணும் ஒரே ஆளா வர்றான், விடச் சொல்றியா?" என்றது ஒரு கட்சி. "2023 ஃபைனல்ல கடைசி ரெண்டு பால்ல பத்து ரன்னு அடிச்சவன்டா அவன். அவன வித்துட்டு கப்பு வாங்கி இன்னா பண்ணப் போற?" என்றது இன்னொன்று. டீ ஆறிப்போகிற அளவுக்குச் சண்டை.

இரண்டு கட்சியும் ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்கின்றன: அணி அவரைக் கொடுத்திருக்கலாமா, கூடாதா? எனக்கு அந்தக் கேள்வியிலேயே ஏதோ ஒன்று விடுபட்டதாகத் தோன்றுகிறது. அது என்ன என்று சொல்வதற்கு முன், இரண்டு கட்சிக்கும் உரிய நியாயத்தைக் கொடுத்துவிட வேண்டும்.

*

முதலில் கணக்குக் கட்சி. இவர்களை ஈரமில்லாதவர்கள் என்று ஒதுக்குவது சுலபம், ஆனால் நியாயமில்லை. அணி செலவு செய்யக்கூடிய பணத்துக்கு உச்சவரம்பு இருக்கிறது. களத்தில் 11 பேருக்குத்தான் இடம். ஒருவருக்காக ஒதுக்கும் ஒவ்வொரு கோடியும், ஒவ்வொரு இடமும் வேறு யாரோ ஒருவருக்குக் கிடைக்காமல் போனதுதான்.

2025 மே 3, பெங்களூரு. 214 ரன் இலக்கு. 36 வயது ஜடேஜா 45 பந்தில் 77 அடித்து ஆட்டமிழக்காமல் நின்றார். மறுமுனையில் 17 வயது ஆயுஷ் மாத்ரே 48 பந்தில் 94. சென்னை இரண்டு ரன்னில் தோற்றது. அந்த ஆட்டத்தை ஜடேஜாவை வைத்திருக்க ஆதாரமாகவும் காட்டலாம். எனக்கு அது வேறொன்றையும் காட்டுகிறது. கேப்டன் ருதுராஜ் காயம்பட்டு விலகியதால்தான் மாத்ரேவுக்கு அணிக்குள் கதவு திறந்தது. பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு இடத்துக்குப் பின்னாலும் இப்படி ஒரு பையன் நின்றுகொண்டிருக்கிறான். அவன் முகம் நமக்குத் தெரியாது என்பதால் அவனுக்காக யாரும் சண்டை போடுவதில்லை.

அடுத்தது நன்றிக் கட்சி. செய்ந்நன்றி அறிதலுக்குக் குறளில் ஓர் அதிகாரமே ஒதுக்கிய மொழிக்காரர்கள் நாம். அதை அவ்வளவு எளிதாகக் கடந்துவிட முடியாது. 2012 ஏலத்தில் வந்தவர், சென்னை அணி தடையில் இருந்த இரண்டு வருடம் போக மற்றதெல்லாம் மஞ்சள் சட்டை, 2018, 2021, 2023 என மூன்று கோப்பை. கடன்பட்டிருக்கிறோம், சந்தேகமே இல்லை.

ஆனால் அந்தக் கடனை எந்தக் காசில் அடைப்பது? லெவனில் ஓர் இடம் என்பது அணிக்குப் பொதுவான சொத்து. மற்ற பத்துப் பேரும் ஜெயிக்கத்தான் இறங்குகிறார்கள். பழைய நன்றியை அந்தப் பொதுச்சொத்தை எடுத்து அடைப்பது, ஊர்ப் பணத்தில் சொந்தக்காரருக்கு மொய் எழுதுகிற மாதிரி.

நன்றிக்காக மட்டும் ஒருவரை வைத்துக்கொள்வதில் இன்னொரு சங்கடமும் உண்டு. எங்கள் ஊர் அத்தி வரதர் 40 வருடத்துக்கு ஒருமுறை குளத்திலிருந்து வெளியே வருவார். 2019இல் 48 நாள் தரிசனம். ஊரே மூச்சுத் திணறியது. சாமியிடம் யாரும் வேலைத்திறன் கேட்பதில்லை, வந்து காட்சி கொடுத்தால் போதும். 2025 மார்ச் 28 அன்று சேப்பாக்கத்தில், ஆட்டம் கையைவிட்டுப் போன பிறகு தோனி ஒன்பதாவது ஆளாக இறங்கியபோது எழுந்த சத்தத்தில் எனக்கு அந்த வரிசைதான் ஞாபகம் வந்தது. அன்று 50 ரன்னில் தோற்றோம். அதைப் பற்றிப் பெரிதாக யாரும் கவலைப்பட்ட மாதிரி தெரியவில்லை. தெய்வத்துக்கு அது பொருந்தும். ஆட்டக்காரரை அப்படி நிறுத்துவது, உன் ஆட்டம் இனி எங்களுக்குப் பொருட்டில்லை என்று மரியாதையாகச் சொல்வதுதான். 77 அடிக்கக்கூடிய ஒருவர் அதை விரும்புவாரா?

ஆக, ஓர் அணி மூத்த ஆட்டக்காரரை மாற்றிக்கொள்ளலாம். அதில் எனக்குத் தடையில்லை. எப்படி மாற்றுகிறது என்பதில்தான் எனக்கு வழக்கு.

*

இந்த வழக்கைப் பெரிதாக நடத்தியவர் ஒரு பேஸ்பால் ஆட்டக்காரர். கர்ட் ஃப்ளட், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் சென்டர் ஃபீல்டர். 12 சீசன் அந்த அணிக்கு ஆடியவரை 1969 அக்டோபரில் ஃபிலடெல்ஃபியாவுக்கு டிரேட் செய்தார்கள். ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரர் அணிக்கே சொந்தம் என்ற விதி அப்போது இருந்தது. ஆடினால் அனுப்பிய இடத்தில் ஆடணும், இல்லையென்றால் வீட்டில் இருக்கணும். அந்த டிசம்பரில் ஃப்ளட் பேஸ்பால் கமிஷனருக்குக் கடிதம் எழுதினார்: என் விருப்பத்தைக் கேட்காமல் வாங்கவும் விற்கவும் நான் ஒரு பொருள் அல்ல.

வருடத்துக்கு 90,000 டாலர் வாங்குகிறவர் இப்படிப் பேசலாமா என்று தொலைக்காட்சியில் கேட்டார்கள். நல்ல சம்பளம் வாங்கும் அடிமையும் அடிமைதான் என்றார். அந்தக் காலத்து அமெரிக்காவில் ஒரு கறுப்பினத்தவர் அந்தச் சொல்லைச் சும்மா எடுக்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1972இல் 5-3 என்று தோற்றது. அவருடைய ஆட்டவாழ்க்கை அதற்கு முன்பே முடிந்திருந்தது. ஆனால் அடுத்த வருடமே ஆட்டக்காரர் சங்கம் ஒரு விதியைப் பெற்றது: பத்து வருடம் ஆடி, அதில் கடைசி ஐந்து வருடம் ஒரே அணியில் இருந்தவரை அவர் சம்மதமில்லாமல் டிரேட் செய்ய முடியாது. கர்ட் ஃப்ளட் விதி என்றே அதைச் சொல்கிறார்கள். அவருக்கு அது உதவவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு அமெரிக்கா தூரமாகத் தெரியவில்லை. என் பெரியப்பா பிள்ளையார்பாளையத்தில் கூலிக்கு நெய்தவர். வீட்டுக்குள்ளேயே குழித்தறி. முதலாளி பட்டும் ஜரிகையும் கொடுப்பார். புடவை முடித்துக் கொடுத்தால் கூலி. நடுவில் கல்யாணம், வைத்தியம் என்று முன்பணம் வாங்கியிருப்பார்கள். அந்த முன்பணம் இருக்கும்வரை வேறு யாருக்கும் நெய்ய முடியாது. வேறு முதலாளிக்கு ஆள் வேண்டுமென்றால், பழையவரிடம் அந்த முன்பணத்தைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்வார். ஐபிஎல்லுக்கு ரொம்ப காலம் முன்பே எங்கள் ஊரில் டிரேட் இருந்தது.

இருபது வருடத்துக்கு மேல் ஒரே முதலாளிக்கு நெய்த பெரியப்பாவை ஒரு நாள் அப்படித்தான் மாற்றினார்கள். தறி இருந்த இடத்திலேயே இருந்தது. கணக்கு நோட்டு மட்டும் கை மாறியது. அடுத்த பாவு வேறு கடையிலிருந்து வந்தபோதுதான் அவருக்கே தெரியும். கோர்வைப் புடவைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உடலை நெய்ய, இன்னொருவர் கரைக்கான நாடாவைத் தள்ளிக் கொடுக்க. அந்த இரண்டாவது ஆள் பெரியம்மா. அவர் மாறியது எந்த நோட்டிலும் ஏறவில்லை. (கணக்கைச் சரிக்கட்ட ஜடேஜாவோடு போன சாம் கரனைப் பற்றி இரண்டு கட்சியும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன்.)

புது முதலாளி கூலி கொஞ்சம் கூடவே கொடுத்தார். ஆனாலும் பெரியப்பா பல வருடம் அதைச் சொல்லிச் சொல்லி ஆற்றிக்கொண்டிருந்தார். "கேட்டிருந்தா நானே சரின்னுதான் சொல்லியிருப்பேன். கேக்கலியே."

இந்த வாக்கியத்தை நான் நிறைய யோசித்திருக்கிறேன். முடிவு அவருக்கு நல்லதுதான், அவரே ஒத்துக்கொண்டிருப்பார். அப்புறம் என்ன குறை? தன் வாழ்க்கையில் நடந்த ஒரு விஷயத்தில் தன்னை ஒரு தரப்பாகவே யாரும் எண்ணவில்லை என்பதுதான் குறை. லாப நஷ்டக் கணக்கில் இது வராது, நன்றிக் கணக்கிலும் வராது.

*

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஐபிஎல் கொஞ்சம் விசித்திரமாகத் தெரிகிறது. ஏலத்தில் ஆட்டக்காரர் சொல்லக்கூடியது அடிப்படை விலை மட்டும்தான். எந்த ஊர், எந்த அணி, எதுவும் அவர் கையில் இல்லை. டிரேடுக்கோ அவருடைய சம்மதம் வேண்டும் என்று விதி இருக்கிறது. வியாபாரம் மாதிரி தெரிவதால் நாம் முகம் சுளிக்கும் அந்த டிரேடில்தான் ஆட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கிறார்கள்.

சுரேஷ் ரெய்னாவை யாரும் டிரேட் செய்யவில்லை. 2008இல் முதல் சீசனிலிருந்து சென்னைக்கு ஆடியவர், 'சின்ன தல'. 2022 பிப்ரவரி ஏலத்தில் இரண்டு கோடி அடிப்படை விலையில் அவர் பெயரை வாசித்தார்கள். சென்னை மேசை உட்பட யாரும் கை தூக்கவில்லை. அந்த செப்டம்பரில் ஓய்வை அறிவித்தார். விற்பதைவிட வாங்காமல் இருப்பது நாகரிகம் மாதிரி தெரியும். அனுபவிக்கிறவருக்கு அப்படி இருந்திருக்காது.

சம்மதம் கேட்டார்கள் என்பதோடு முடிந்ததா? ஜடேஜாவிடம் பேசி, இருவரும் ஒத்துக்கொண்டுதான் முடிவெடுத்ததாகச் சென்னை நிர்வாகம் சொன்னது. நம்புகிறேன். ஆனால் டிரேட் அறிவிப்பு வந்த நவம்பர் 15தான் யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவிப்பது என்ற பட்டியலுக்கும் கடைசி நாள். 'முடியாது' என்று சொல்லும் ஆட்டக்காரரை அணி அன்றைக்கே விடுவித்துவிட முடியும். மறுப்பதற்கு ஒரு விலை இருக்கும்போது கிடைக்கும் சம்மதம் அரைச் சம்மதம்தான். எங்கள் ஐடி உலகில் 'இந்த ப்ராஜெக்ட்டுக்குப் போறீங்களா?' என்று கேட்பதற்கும் 'இல்லன்னா பெஞ்சுதான்' என்று சேர்த்துச் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம், அந்த மேனேஜரின் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

விசுவாசம் என்ற சொல்லும் ஒரு பக்கமாகவே பாய்கிறது. இதே ஜடேஜா, 2010இல், இதே ராஜஸ்தானை விட்டு இன்னொரு அணியோடு நேரடியாகப் பேசினார் என்று அந்த சீசன் முழுக்கத் தடை செய்யப்பட்டார். அப்போது அவருக்கு 21 வயது. ஆட்டக்காரர் தானாக வேறு அணியைத் தேடினால் தண்டனை. அணி அவருக்குப் பதில் வேறொருவரைத் தேடினால் அது வியூகம். சொந்தக்காரர் யார் என்பதை இந்த இரண்டு பெயர்களே சொல்லிவிடுகின்றன.

அதனால் என் பக்கம் இதுதான். பத்து வருடம் ஒரு அணிக்கு ஆடியவருக்கு அந்த அணி லெவனில் இடம் தரக் கடமைப்படவில்லை. முதல் ஆளாக அவரிடம் சொல்லவும், 'முடியாது' என்றால் மீதி ஒப்பந்தத்தை மாற்றாமல் மதிக்கவும் கடமைப்பட்டிருக்கிறது. டிரேடுக்கு மட்டுமில்லை, விடுவிப்பதற்கும் அந்த உரிமை வேண்டும். அணி திவாலாகிவிடாது. கோலி, ரோஹித், தோனி, பும்ரா, நரைன் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம், அவ்வளவு பேர்தான் தகுதி பெறுவார்கள். ஒன்றிரண்டு சீசன் கொஞ்சம் மெதுவான ஒரு ஆட்டக்காரரோடு ஆட வேண்டியிருக்கலாம். பத்து வருடத்துக்கு அது பெரிய வட்டி இல்லை.

மஞ்சள் சட்டையில் சாம்சன் சிக்ஸர் அடித்தால் நானும் விசிலடிப்பேன். அதில் ஜடேஜாவுக்கு துரோகம் எதுவும் இல்லை. ஆனால் அடுத்த முறை ஒரு பழைய பெயர் பட்டியலிலிருந்து எடுக்கப்படும்போது, "நல்ல டீலா, மோசமான டீலா?" என்று சண்டையை ஆரம்பிப்பதற்கு முன், "அவன கேட்டாங்களாடா?" என்று யாராவது ஒருத்தர் கேட்டால் நன்றாக இருக்கும்.