விளக்கு மலையேறும் ஊர்

எங்கள் வீட்டில் விளக்கு அணைந்ததே கிடையாது. மலையேறும்.

சாயங்காலம் ஏற்றிய காமாட்சி விளக்கு எட்டு மணி வாக்கில் எண்ணெய் தீர்ந்து புகைய ஆரம்பிக்கும். "ஆயா, வெளக்கு அணைஞ்சிடுச்சு" என்று கத்துவேன். அடுப்படியிலிருந்து பதில் வரும்: "வாயக் கழுவு. மலையேறிடுச்சின்னு சொல்லு."

தமிழ்நாட்டில் பல வீடுகளில் இப்படித்தான் சொல்வார்கள். ஆனால் நான் வளர்ந்தது திருவண்ணாமலையில். வாசலில் இறங்கி நின்றால் எதிரே மலை. வருடத்துக்கு ஒரு முறை நிஜமாகவே விளக்கு ஏறும் மலை. ஐந்து வயதுப் பையனுக்கு எது உவமை, எது ஊர் என்று எப்படிப் பிரித்துப் பார்க்கத் தெரியும்? ஒரு கார்த்திகை மாதத்தில், வீட்டு விளக்கு மலையேறிடுச்சு என்று ஆயா சொன்னதும் வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். உச்சியில் எரிந்துகொண்டிருந்தது. ஊரில் மலையேறிய விளக்கெல்லாம் ஒன்றாகச் சேர்ந்துதான் அவ்வளவு பெரிதாக எரிகிறது என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

யோசித்தால் விசித்திரமாக இருக்கிறது. தமிழ் பேசும் எல்லா ஊரிலும் மலையேறியது என்றால் முடிந்தது என்று பொருள். எங்கள் ஊரில் மலையேறினால்தான் விளக்குக்கு ஆரம்பம். தீபத்தன்று விடியற்காலை நான்கு மணிக்குக் கோயிலுக்குள் பரணி தீபம். சாயங்காலம் ஆறு மணிக்கு அர்த்தநாரீசுவரர் வெளியே வந்து ஓரிரு நிமிடம் ஆடிவிட்டு உள்ளே போவார். அதே நேரம் 2,668 அடி உயர உச்சியில் மகாதீபம். ஆளுயரக் கொப்பரை, டின் டின்னாக நெய், காடாத் துணித் திரி, கற்பூரம் எல்லாம் மனிதர்களின் தோளில்தான் மேலே போகும். பரம்பரையாக அதை ஏற்றுகிறவர்கள் பர்வதராஜ குலத்தினர். பதினொரு நாள் எரியும்.

ஏழாவது படிக்கும்போது ஆயாவை மடக்கிவிட்டதாக நினைத்து ஒரு கேள்வி கேட்டேன். "வீட்டு வெளக்கு அணைஞ்சா மலையேறுது. மலைமேல இருக்கிற வெளக்கு அணைஞ்சா அது எங்க ஏறும்?"

ஆயா யோசிக்கவே இல்லை. "அத கீழ எறக்கிடுவாங்க. கொப்பரைல இருக்கிற மைய எடுத்து ஆருத்ராவுக்கு நடராஜருக்கு வெச்சிட்டு நமக்கும் குடுப்பாங்க. நெத்தில வெச்சிக்கினு போய்ப் படி."

*

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? சாமியாடுகிற இடங்களில் அதன் வேர் இன்னும் உயிரோடு இருக்கிறது. பம்பை அடிக்க அடிக்க ஒருவர் மேல் சாமி இறங்கும். குறி சொல்லும், கோபப்படும், கேட்டதை வாங்கிக்கொள்ளும். கடைசியில் "நான் மலையேறப் போறேன்" என்று அதுவே சொல்லும். கற்பூரம் காட்டுவார்கள். சாமி மலையேறியதும் ஆள் துவண்டு விழுவார். குறிஞ்சி நிலத்துக்குச் சேயோனைத் தெய்வமாகச் சொல்கிறது தொல்காப்பியம். மலை சாமியின் வீடு. மலையேறுவது என்றால் வந்த வேலை முடிந்து வீட்டுக்குப் போவது. வீட்டில் எரிகிற விளக்கும் ஒரு சாமிதானே, அதனால் அதுவும் மலையேறுகிறது. "அந்தக் காலமெல்லாம் மலையேறிப்போச்சு" என்று நாம் அலுத்துக்கொள்ளும்போதும், அந்தக் காலத்தை ஒரு சாமியாக்கி வழியனுப்பித்தான் வைக்கிறோம்.

இதற்கு இலக்கணத்தில் பெயரே இருக்கிறது. தகுதி வழக்கை மூன்றாகப் பிரிக்கிறது நன்னூல்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. இதில் மங்கலம் என்பது, சொன்னால் நாக்கு கூசும் ஒன்றை நல்ல சொல்லால் சொல்வது. செத்தார் என்பதற்குத் துஞ்சினார், சுடுகாட்டுக்கு நன்காடு. பள்ளியில் ரெண்டு மார்க் கேள்வியாக நாம் மனப்பாடம் செய்தது ஆயா வாயில் முழு நேரமும் ஓடிக்கொண்டிருந்தது. அரிசி தீராது, "நெறைஞ்சிருக்கும்". தாலிக்கயிறு அறுந்தால் "பெருகிடுச்சு". வாசலைத் தாண்டும்போது போறேன் என்று சொன்னால் திட்டு விழும். "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பைப் போட வேண்டும்.

காலேஜ் போனதும் இதெல்லாம் எனக்குப் பொய்யாகத் தெரிந்தது. விளக்கு அணைந்தால் அணைந்ததுதான். அரிசி இல்லையென்றால் இல்லை. உள்ளதை உள்ளபடி சொல்லப் பயப்படுகிற சமூகம் என்று பெரிய மனிதனைப் போல ஒரு நண்பனிடம் பேசியிருக்கிறேன்.

அப்படிப் பேசியவன்தான் ஆயாவிடம் பொய் சொன்னேன்.

*

ஆறு வருடத்துக்கு முன், ஆவணி மாதம். வயிற்று வலி என்று வெளியூர் ஆஸ்பத்திரிக்கு ஆயாவை நானும் மாமாவும் கூட்டிப்போனோம். டாக்டர் எங்கள் இருவரை மட்டும் உள்ளே கூப்பிட்டுச் சொன்னார். கணையத்தில் புற்றுநோய், பரவிவிட்டது, சில மாதங்கள். வெளியே வந்தோம். பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆயா என்னைப் பார்த்துத்தான் கேட்டது.

"இன்னா கண்ணு சொன்னாரு?"

"வயித்துல புண்ணு ஆயா. மாத்திரை சாப்பிட்டா ஆறிடும்."

எனக்கு முன்பே மாமா கண்ணைக் காட்டியிருந்தார் என்பது உண்மை. வாயைத் திறந்தவன் நான் என்பதும் உண்மை.

போளூரில் ஆயாவின் தங்கை இருந்தார். நாங்கள் சின்னாயா என்போம். ஒரு கால் காணி நில விவகாரத்தில் இருவருக்கும் பதினான்கு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. புரட்டாசியில் ஒரு நாள் ஆயாவே ஆரம்பித்தது: "அவளப் போய்ப் பாத்துட்டு வரணும். எத்தினி நாளைக்கு இப்பிடியே இருக்கிறது." நான் உடனே கிளம்பலாம் என்றேன். "இப்ப வேணாம். இந்த எளைச்ச ஒடம்போட போய் நின்னா பரிதாபம் தேட வந்துட்டான்னு நெனப்பா. புண்ணு ஆறட்டும். தை பொறந்ததும் போலாம்."

அப்போது சொல்லியிருக்கலாம். போளூர் ஒரு மணி நேர பஸ். நான் சொல்லவில்லை. "சரி ஆயா, தையில போலாம்" என்றேன்.

அந்த வருட தீபத்தை மொட்டைமாடியில் நாற்காலி போட்டுப் பார்த்தது. மார்கழியில் போய்விட்டது.

சாவு வீட்டுக்குச் சின்னாயா வந்தார். அழுது முடித்து, தலைமாட்டில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக் கேட்டார்: "ஆவணிலேயே தெரியுமாமே. ஒரு வார்த்த சொல்லக்கூடாதாடா?"

*

மாமா இன்றைக்கும் வள்ளுவரைத்தான் துணைக்கு அழைப்பார். குற்றமில்லாத நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்று வாய்மை அதிகாரத்தில் இருக்கிறதே என்பார். இருக்கிறது. ஆனால் வள்ளுவர் வைத்த நிபந்தனை சின்னதில்லை. வெறும் நன்மை போதாது, அதில் குற்றம் இருக்கக் கூடாது. எங்கள் பொய் ஆயாவுக்கு நான்கு மாதப் பயத்தை மிச்சப்படுத்தியது. ஒரு தங்கையைப் பறித்தது. இதைக் குற்றமற்ற நன்மை என்று எந்தக் கணக்கில் எழுதுவது?

மறுமுனையில் கான்ட் இருக்கிறார். கொலைகாரன் கதவைத் தட்டி, நண்பன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது என்று 1797இல் எழுதினார். அவரையும் என்னால் வீட்டுக்குள் விட முடியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த எழுபத்தாறு வயதுப் பெண்ணிடம் "ஆயா, உனக்குக் கேன்சர், சில மாசந்தான்" என்று சொல்லிவிடுவதும் எனக்கு அறமாகத் தெரியவில்லை.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேட்க மாட்டார்கள். கேட்காதவரிடம் வலியப்போய்ச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆயா கேட்டது.

இவ்வளவு நாள் யோசித்ததில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். மங்கலச் சொல்லும் பொய்யும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும். விளக்கு மலையேறிடுச்சு என்று ஆயா சொன்னபோது, விளக்கு அணைந்துவிட்டது என்று ஆயாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அடுத்து எண்ணெய் ஊற்ற வேண்டும் என்பதும் தெரியும். அரிசி நிறைந்திருக்கிறது என்று கேட்ட தாத்தா பையை எடுத்துக்கொண்டு கடைக்குத்தான் போனார். சொல் மட்டும் மாறியிருந்தது. விஷயம் இருவருக்கும் நடுவில் அப்படியே இருந்தது. "வயித்துல புண்ணு" என்று நான் சொன்னபோது விஷயம் என் பக்கம் மட்டும் இருந்தது. ஆயா எண்ணெய் ஊற்ற வழியில்லை.

எங்கள் ஊரிலேயே இதற்கு மாறான ஒரு மரணம் நடந்திருக்கிறது. ரமணர் நாசூக்குச் சொற்களைத் தேடியவரல்ல. 'நான் யார்?' நூலில் பிணம் சுடுகிற தடியையே உவமையாக எடுத்தவர். இடது கையில் வந்த புற்றுக்கட்டிக்கு 1949இல் நான்கு முறை அறுவை சிகிச்சை நடந்தது. பலனில்லை என்பது அவருக்கும் தெரியும், சுற்றியிருந்தவர்களுக்கும் தெரியும். வரிசையில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். 1950 ஏப்ரல் 14 இரவு 8.47க்கு அவர் இறந்தார். அப்போது ஊரில் தங்கியிருந்த பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸான், வால்விட்ட ஒளி ஒன்று வானத்தில் மெதுவாக நகர்ந்து மலைப்பக்கம் போய் மறைந்ததைப் பார்த்ததாகச் சொல்லியிருக்கிறார். அது எரிநட்சத்திரமா, வேறு ஏதாவதா என்ற விவாதம் எனக்கு முக்கியமில்லை. விளக்கு மலையேறியது என்று எங்கள் ஊர் அன்றைக்குச் சொல்லியிருந்தால் அதில் துளியும் பொய் இருந்திருக்காது. எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைத்தான் அந்தச் சொல் தாங்கியிருக்கும்.

மங்கலச் சொல் தாங்கக் கூடாத இடமும் உண்டு. 2024 டிசம்பர் 1, ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின் மேல் இறங்கின. ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். 13ஆம் தேதி தீபம். மலையேற பக்தர்களுக்கு அனுமதி இல்லை, விளக்கு மட்டும் ஏறியது. அந்த நாட்களில் டீக்கடையில் ஒருவர் சொன்னார்: "மலையே புள்ளைங்கள எடுத்துக்கிச்சு." ஆறுதலாகத்தான் சொன்னார், எனக்குத் தெரியும். ஆனால் மலை எடுத்துக்கொண்டது என்று சொல்லிவிட்டால், அந்தச் சரிவில் வீடுகள் எப்படி ஏறின, வேறு இடம் ஏன் அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. இறந்தவர்களின் அம்மாவோ பாட்டியோ அப்படிச் சொல்லிக்கொண்டால் அது அவர்கள் மனசு தேடுகிற பிடி. டீக்கடையில் நின்று நாம் சொன்னால் அது விஷயத்தைக் கண்ணிலிருந்து மறைப்பது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் செய்ததும் அதுதான்.

*

போன தை மாதம் போளூர் போனேன். பொங்கல் முடிந்து மூன்றாம் நாள். சின்னாயாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. கண் மங்கல், காது நன்றாகக் கேட்கிறது. பழையதை எடுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு போனவன், சாப்பிட்டு முடித்ததும் எடுத்துவிட்டேன்.

"அன்னிக்கு எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல சின்னாயா. கேன்சர்ன்னு சொன்னா அப்பவே ஒடஞ்சி போயிருக்கும்."

"அந்தப் பேர ஏண்டா சொல்ற?" என்றார். "எண்ண கொறைஞ்சிக்கினு வருது ஆயான்னு சொல்லியிருந்தா அவளுக்குப் புரிஞ்சிருக்காதா? மறுநா பஸ்ஸு ஏறியிருப்பா."

நான் எதுவும் பேசவில்லை. நாலு மாதத்தில் ஒரு தடவைகூட எனக்கு இது தோன்றவில்லை. என்னிடம் இரண்டே சொற்கள் இருந்தன. ஒன்று ஆஸ்பத்திரிச் சொல், இன்னொன்று பொய். இரண்டுக்கும் நடுவே ஆயா எனக்குப் பிறந்ததிலிருந்து கற்றுக்கொடுத்த ஒரு பாஷை இருந்தது. உண்மையைச் சொல்லவும், சொல்லும்போது கையைப் பிடித்துக்கொள்ளவும் தெரிந்த பாஷை. காலேஜில் அதைப் பொய் என்று சொல்லிக் கழற்றி வைத்தேன். தேவைப்பட்டபோது எடுக்கத் தெரியவில்லை.

கிளம்பும்போது சின்னாயா வாசல் வரைக்கும் வந்தார்.

"எனக்கு ஒண்ணுன்னா ஒளிக்காத. கேட்டேன்னா சொல்லு."

"சொல்றேன் சின்னாயா."

"வெளக்க வெச்சே சொல்லு. புரிஞ்சிக்குவேன்."

"சரி, நான் போறேன்" என்று வாய் தவறி வந்துவிட்டது. தலையில் ஒரு தட்டு விழுந்தது. போயிட்டு வரேன் என்று திருத்திச் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.