67 பேருக்கு யார் அழுவது?

'டீமன் ஸ்லேயர்' அனிமே தொடரின் அகாசா, அரக்கனாக மாறும் முன் ஹகுஜி என்ற மனிதன். நோயாளித் தந்தைக்கு மருந்து வாங்கத் திருடியவன். மகன் திருடிக் காப்பாற்றும் உயிர் வேண்டாமென்று தந்தை தூக்கு மாட்டிக்கொள்கிறார். பிறகு ஒரு தற்காப்புக் கலை ஆசான் அவனை ஆளாக்கி, தன் மகள் கோயுகியையும் அவனுக்கே மணம் பேசுகிறார். பக்கத்து வாள்பயிற்சிக் கூடத்தார் கிணற்றில் நஞ்சு கலந்து அந்த இருவரையும் கொன்றுவிட, ஹகுஜி அங்கே புகுந்து 67 பேரை வெறுங்கையால் அடித்துக் கொல்கிறான். 2025-இல் வந்த திரைப்படம் இந்த ஃபிளாஷ்பேக்கை நின்று நிதானமாகச் சொல்கிறது. கல்மனம் உள்ளவருக்கும் தொண்டை அடைக்கும்.

அந்த 67 பேரும் சேர்ந்தா நஞ்சு கலந்தார்கள்? கதை அங்கே நிற்பதில்லை. ஹகுஜிக்கு இளமை உண்டு, காதல் உண்டு, கோயுகியோடு வாணவேடிக்கை பார்த்த இரவு உண்டு. செத்தவர்களுக்கு எண்ணிக்கை மட்டுமே. யாருடைய கதை நமக்குச் சொல்லப்பட்டதோ அவர் பக்கமே மனம் சாய்கிறது. அப்படியானால், கொன்றவனின் துன்பம் தெரிந்தபின் கொலையின் கனம் குறைய வேண்டுமா?

இரக்கம் வேறு, கழிவு வேறு. 2019-இல் வெளியான முதல் பருவத்தில், தலை அறுபட்டுச் சாம்பலாகிக்கொண்டிருக்கும் ரூயி என்ற அரக்கனின் முதுகில், அரக்கரை வேட்டையாடும் நாயகன் தஞ்சிரோ கை வைக்கிறான். மனிதரைத் தின்றவனுக்கு இரக்கம் கூடாது என்கிறார் மூத்த வேட்டைவீரர் தோமியோகா. பலியானவர்களுக்காக வாளை ஓங்கத் தயங்க மாட்டேன், ஆனால் தன் நிலைக்காக வருந்துபவனை மிதிக்கவும் மாட்டேன் என்பதே தஞ்சிரோவின் பதில். நேர்மையான நிலைதான். ஆனால் அந்தத் தொடருக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது: அரக்கனின் பழங்கதை பெரும்பாலும் அவன் சாகும்போதுதான் வருகிறது. இனி அவனால் யாருக்கும் ஆபத்தில்லை. இரங்குவதில் நமக்கு நட்டமும் இல்லை.

கென்டாரோ மியூரா 1989-இல் தொடங்கிய 'பெர்செர்க்' மங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) அந்தச் சௌகரியத்தைத் தருவதில்லை. கூலிப்படைத் தலைவன் கிரிஃபித் எளிய குடியில் பிறந்தவன்; தனக்கென ஓர் அரசு வேண்டும் என்பது அவன் கனவு. அவனைத் தெய்வமாக நினைத்த ஒரு சிறுவன் போரில் செத்தபின், இனி இத்தனை பேர் சாகாமலிருக்கப் பணம் வேண்டுமென்று ஒரு கிழட்டுப் பிரபுவிடம் தன் உடலையே விற்கிறான். மறுநாள் ஆற்றில் நின்று தன் தோலைக் கீறிக்கொண்டே, தன் படையின் வீராங்கனை காஸ்காவிடம் சொல்கிறான்: இறந்தவர்களுக்காகத் தன்னால் முடிந்தது வெல்வது மட்டுமே. பழங்கதையின் உருக்கமான இடம் இது. ஆபத்தான இடமும் இதுதான். ஏனென்றால் அந்தக் கணக்கின்படி, நின்றுவிட்டால் இதுவரை செத்தவர்கள் வீணாகச் செத்தவர்கள். ஆகவே ஒவ்வொரு பிணமும் அடுத்த பிணத்துக்கு நியாயமாகிறது. குற்றவுணர்வு அவனைத் தடுக்கவில்லை, உந்துகிறது.

பின்பு அவன் சிறைப்பட, ஓராண்டுச் சித்திரவதையில் நாக்கும் தசைநாண்களும் அறுக்கப்பட்டு, உயிர் மட்டும் மிஞ்சுகிறது. கிரகண நாளில் 'கடவுள் கரம்' எனும் நால்வர், தோழர்களைப் பலிகொடுத்தால் புது உடல் தருவதாகச் சொல்கிறார்கள். அவன் சம்மதிக்கிறான். எல்லாம் விதிச்சங்கிலி என்கிறார்கள் அவர்கள். அதையே பிடித்துக்கொண்டு கிரிஃபித்துக்காக வாதாடும் ரசிகர்களும் உண்டு. ஆனால் விதியே எல்லாம் செய்யுமென்றால் சடங்குக்கு அவன் சம்மதம் எதற்கு? அந்தச் சம்மதத்துக்காக அத்தனை பேய்களும் காத்து நிற்கின்றன. வலி அவனை அந்த விளிம்புவரை தள்ளியது. அதற்குமேல் அடி எடுத்து வைத்தவன் அவனே.

கிரிஃபித்தின் வேதனை அவன் படையில் இருந்த நாயகன் கட்ஸுக்குத் தெரியும். நிலவறையில் அவனை அள்ளி அணைத்து அழுதவன், வதைத்தவனைக் கொன்றவன் அவனே. ஆனாலும் கிரகணத்துக்குப் பின் வாளோடு துரத்துகிறான்; கிரிஃபித்தைப் புரிந்துகொண்டது அவன் கோபத்தைக் கரைக்கவில்லை. பழிவாங்கல் சரியா என்பது தனி வழக்கு, கட்ஸும் அதில் சுத்தமானவன் அல்ல.

மன்னிப்பதா வேண்டாமா என்ற பேச்சில் காஸ்காவின் பெயர் அடிபடுவதே குறைவு. அரக்க உருவெடுத்த கிரிஃபித் அவளை வன்புணர்கிறான். அறிவும் பேச்சும் சிதறி, மங்காவில் வெகுகாலம் அவள் குழந்தைபோல் அலைகிறாள். 1997-இல் வந்த 25 பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடரோ கிரகணத்தோடு முடிந்துவிடுகிறது. அதை மட்டும் பார்த்தவருக்குக் கிரிஃபித்தின் வலி முழுதாகக் கிடைக்கிறது. காஸ்கா அதன்பின் என்ன ஆனாள் என்பது தெரியாது. அவனை மன்னிக்கலாம் என்று அவர் சொல்லும்போது, அது காஸ்கா கொடுக்காத மன்னிப்பு.