ஏற்றலின் அறம்

ஈதலைப் பற்றி நம் அறநூல்கள் விரிவாகப் பேசியுள்ளன. ஈவோனின் மனநிலை, ஈயுங் காலம், ஈயப்படும் பொருளின் தூய்மை ஆகியன பல சமயத்தாராலும் ஆராயப்பட்டுள்ளன. ஆயின், ஏற்றலைப் பற்றிய சிந்தனை அத்துணை வளர்ந்ததெனக் கூறுதற்கில்லை. ஏற்போன் நன்றியுடையவனாயிருத்தல் போதுமெனக் கருதி அவனை அவ்வளவில் விட்டுவிடுவதே பெருவழக்கு. இன்றோ ஏற்றல் என்பது தனிமனிதன் வாயிலில் நின்று கையேந்துதல் என்னும் நிலையைக் கடந்துவிட்டது. சங்கங்களும் நிலையங்களும் படிவம் நிரப்பி, திட்டவரைவு எழுதி, கணக்குக் காட்டிப் பெறும் ஒரு தொழிலாக அது விரிந்துள்ளது. தொழினுட்பத்தால் பெருஞ்செல்வம் ஈட்டியோர் நிறுவிய அறக்கட்டளைகளிடம் இலாப நோக்கற்ற அமைப்புகள் நல்கை வேண்டுவது இதன் புதிய வடிவமாகும். அவ்வாறு வேண்டுதல் எப்போது அறமாகும், எப்போது வேண்டுவோரைச் சிறுமைப்படுத்தும் என்பதே ஈண்டு ஆராயப்படும் வினா. ஊர்காவற்றுறை முதல் நெடுந்தீவு வரையுள்ள யாழ்ப்பாணத்துத் தீவகத்தை இவ்வினாவுக்குக் களமாகக் கொள்வோம். தேவை மிகுந்ததும், கொடுக்க முன்வருவோர் பலரைக் கண்டதுமான நிலம் அது.

திருவள்ளுவர் 'இரவு' என ஓரதிகாரமும் அதனையடுத்து 'இரவச்சம்' என ஓரதிகாரமும் வைத்தார். 106ஆம் அதிகாரம் இரத்தலை ஒருவாறு உடன்படுகிறது. 107ஆம் அதிகாரம் அதனை அஞ்சி விலக்கச் சொல்கிறது. மேலோட்டமாக நோக்குவார்க்கு இது முரணாகத் தோன்றும். பரிமேலழகர் இம்முரணைத் தீர்க்கிறார். மானம் கெடாத இரவு முன்னது. மானம் கெடவரும் இரவுக்கு அஞ்சுதல் பின்னது. எனவே இரத்தல் தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று. இரந்தபின் இரந்தவனிடம் அவனுடைய மானம் எஞ்சியிருக்கிறதா என்பதே அளவுகோல். இன்னொன்றும் நோக்கற்பாலது. வள்ளுவர் 'ஈகை'க்கு முன்னர் 'ஒப்புரவறிதல்' என்னும் அதிகாரத்தை வைத்தார். ஈகை வறியார்க்கு வழங்குவது. ஒப்புரவோ செல்வத்தை ஊரின் பொதுமையாக்குவது. ஊருணியில் நீர் மொள்ளும் பெண்ணை இரவலர் என்று யாரும் கூறார். ஒரு சமூகம் தன் பொதுநலனுக்காகப் பிறிதொரு செல்வத்தை வேண்டும்போது, ஊருணியில் மொள்ளும் நிமிர்வோடு வேண்டுதல் இயலுமா? இயலுமெனின் அதற்குரிய நிபந்தனைகள் யாவை?

தீவகம் பிறர் கையை மட்டும் நம்பி வாழ்ந்த நிலமன்று. யாழ்ப்பாணத்தில் வீடுதோறும் உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியை நாள்தோறும் ஒதுக்கிவைத்துப் பொதுப்பணிக்கு அளித்த பிடியரிசி வழக்கம் நாம் அறிந்ததே. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலின் ஆனிப் பெருவிழாவுக்குக் கடல்கடந்து வரும் பெருந்திரளான அடியார்க்கு ஊரவரும் அன்பரும் அளிக்கும் பொருளாலேயே அன்னம் வழங்கப்படுகிறது. புலம்பெயர்ந்தோர் தத்தம் ஊர்களின் பெயரால் ஒன்றியங்கள் அமைத்துப் பாடசாலைகளுக்கும் வாசிகசாலைகளுக்கும் உதவுகின்றனர். ஆயினும், பிடியரிசியால் சோறிடலாம்; கடல்நீரை நன்னீராக்கும் பொறியை நிறுவுதலும், தேசிய மின்வலையோடு இணையாத தீவுக்குக் காற்றாலை எழுப்புதலும் அதனால் இயலா. இத்தகைய தேவைகளுக்கு வெளியார் பொருளை நாடுதல் தவிர்க்கவொண்ணாதது. நாடுதலைப் பழித்தல் எளிது. நாடும் முறையை ஆராய்தலே பயனுடையது.

அம்முறை இன்று வகுத்த ஒழுங்குடையது. வேண்டும் அமைப்பு முதலில் சட்டத்தின் கண்ணுக்குப் புலனாதல் வேண்டும். இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூகசேவை அமைப்புகள் சட்டத்தின் கீழோ, 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகவோ பதிவுபெறுதல் வழக்கு. பின்னர், அறக்கட்டளை எத்துறைக்கு நல்குகிறது என்பதை அறிந்து, சுருக்கமான கருத்துரு ஒன்றை அனுப்ப வேண்டும். அது தேறினால் முழுத் திட்டவரைவு கேட்கப்படும். சிக்கல் யாது, அதற்கு ஆளாவோர் எத்தனை பேர், தீர்வு யாது, செலவு என்ன, விளைவை எவ்வாறு அளப்பது, நல்கை முடிந்தபின் பணி எவ்வாறு நிலைக்கும் என்னும் வினாக்களுக்கு அதில் விடையிறுக்க வேண்டும். இவ்வினாக்கள் அனைத்தும் நியாயமானவையே. பிறர் பொருளைச் செலவிடுவோன் இவற்றுக்கு விடை கூறக் கடமைப்பட்டவன். ஆயின், விடை எழுதும் மேசையிலேதான் மூன்று இடர்கள் காத்திருக்கின்றன.

முதலாவது, பாத்திரத்துக்கேற்பப் பசியைத் திருத்துதல். அன்ட்ரூ கார்னகி 1889இல் எழுதிய செல்வம் பற்றிய கட்டுரையில், செல்வர் தம் மிகுபொருளைச் சமூகத்தின் பொருட்டு நிருவகிக்கும் காப்பாளராக வேண்டும் என்றார். வறியவர் தமக்குத் தாமே செய்துகொள்வதினும் மேலாகச் செல்வரின் அறிவும் அனுபவமும் அவர்களுக்குச் செய்யும் என்றும் கருதினார். அக்கருத்தின் முதற்பாதி ஒப்புரவு. மறுபாதி தன் பொருளுக்கு உடையவனாயிருப்பதால் பிறர் தேவைக்கும் தானே உடையவன் என்னும் துணிபு. தொழினுட்ப அறக்கட்டளைகள் இவ்விரு பாதிகளையும் மரபுரிமையாகப் பெற்றுள்ளன. புதுமையானது, விரைவாகப் பெருகக்கூடியது, எண்ணால் அளக்கத்தக்கது என்பவற்றை அவை விரும்புவது இயல்பு. இதனை அறிந்த சிறு சங்கமொன்று, இறங்குதுறைப் படியைத் திருத்தப் பணம் வேண்டியிருக்க, கைபேசிச் செயலி ஒன்றுக்குத் திட்டம் எழுதுகிறது. பொய் எதுவும் கூறப்படவில்லை. செயலியாலும் சிறிது பயனுண்டு. எனினும் அச்சங்கம் தன் தேவையைப் பெயரிடும் உரிமையை விற்றுவிட்டது. ஒல்லாந்தர் நெடுந்தீவுக்கு டெல்ஃப்ற் என்றும், நயினாதீவுக்கு ஹார்லெம் என்றும், புங்குடுதீவுக்கு மிடில்பேர்க் என்றும் தம் நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். அவை வென்றவர் இட்ட பெயர்கள். இன்று விண்ணப்பத்தில் நாம் நமக்கு இட்டுக்கொள்ளும் பெயர்கள் யாரும் வற்புறுத்தாமலே இடப்படுபவை. ஆதலின் அவற்றுக்கு நாமே பொறுப்பாளிகள்.

இதற்கு மாறான வழியும் உண்டு. இலங்கையின் மின்-நூலக நெணசல திட்டத்துக்கு, அந்நாளில் பில், மெலின்டா கேற்ஸ் அறக்கட்டளை என வழங்கிய நிறுவனம் 2014இல் 10 இலட்சம் அமெரிக்க டொலர் கொண்ட கற்றல் வாய்ப்புக்கான விருதை அளித்தது. நூலகங்களிலும் சமயத் தலங்களிலும் கணினியை வைத்து, வறிய பகுதிகளில் வாழ்வோர்க்கு அதனைப் பழக்கிய பணி அது. அத்திட்டத்தின் நிறைகுறைகளை ஆராய்தல் ஈண்டு நோக்கமன்று. பணி முன்னே சென்றது, விருது பின்னே வந்தது என்னும் வரிசையே கருதத்தக்கது. பணியின் பின் நல்கை வரும்போது தேவைக்குப் பெயரிட்டவன் பணியாளன். நல்கையின் பின் பணி வரும்போது பெயரிடுபவன் கொடையாளன்.

இரண்டாவது இடர், நிலத்தை அறியாத தொழினுட்பம். தீவகத்தின் நிலத்தடியில் மழைநீர் சுண்ணக்கற் படுகையில் இறங்கி, உவர்நீரின்மேல் மெல்லிய வில்லைபோல மிதந்து நிற்கிறது. நன்னீரின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நிற்குமாயின், கீழே ஏறத்தாழ 40 அடிவரை நன்னீர் இருக்கும் என்பது நிலநீரியலார் கணக்கு. இக்கணக்கு மறுதலையாகவும் நடக்கும். மேல்மட்டம் 1 அடி தாழ்ந்து நிலைத்தால் அடியிலுள்ள உவர் 40 அடி மேலேறும். துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த காலத்தில் மனித உடலின் களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. விசையிறைப்பிக்குக் களைப்பில்லை. நல்லெண்ணத்தோடு கொடுக்கப்பட்ட இறைப்பி ஒன்று சில பருவங்களில் ஒரு கிணற்றை உவராக்கிவிடக் கூடும். ஈண்டுக் கொடுத்தவர்க்கு அறம் குறைவில்லை, அறிவு குறைவு. அவ்வறிவு கிணற்றடியில் வாழ்பவரிடம் உண்டு. அதனைக் கூறாது வாளாவிருந்து பொருளைப் பெற்றுக்கொண்டால் குறை ஏற்றவருடையதாகிறது. திட்டவரைவில் 'இது இங்குப் பொருந்தாது' என எழுதும் துணிவு ஏற்றலின் அறங்களுள் ஒன்று.

மூன்றாவது இடர், கொடையின் பின்னுள்ள வேறு நோக்கம். இதற்கு நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றின் மின்திட்டமே சான்று. டீசல் பிறப்பாக்கிகளை நம்பியிருந்த இத்தீவுகளில் காற்றும் வெயிலும் கொண்டு மின் ஆக்கும் திட்டத்துக்கான ஒப்பந்தம், ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியாதரவோடு, 2021 சனவரியில் சீன நிறுவனமொன்றுக்கு வழங்கப்பட்டது. தன் கரைக்கு மிக அண்மையில் இது நிகழ்வதை இந்தியா விரும்பவில்லை. மூன்றாந்தரப்பின் பாதுகாப்புக் கரிசனையைக் காரணங்காட்டி அவ்வாண்டு திசெம்பரில் பணி இடைநிறுத்தப்பட்டதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியா இத்திட்டத்தைத் தன் நன்கொடையாக நிறைவேற்றுவதற்கான புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. 2024 மார்ச் 1ஆம் நாள் இந்திய நிறுவனமொன்றோடு ஒப்பந்தம் செய்யப்பட்டது. நன்கொடை ஏறத்தாழ 110 இலட்சம் அமெரிக்க டொலர். திட்டமிட்ட அளவு 1,700 கிலோவாற்று வெயில்மின், 530 கிலோவாற்றுக் காற்றுமின். கடனாக வரவிருந்தது கொடையாக மாறியது நாட்டுக்கு நன்மையே. எனினும், முதல் ஒப்பந்தத்துக்கும் இரண்டாம் ஒப்பந்தத்துக்கும் இடையே மூன்றாண்டுகள் கழிந்தன. அக்காலமெல்லாம் பேசப்பட்டது பாக்குநீரிணையின் பாதுகாப்பு. இருளில் இருந்தவர் தேவை பேச்சின் நடுவே அமரவில்லை. அரசுகளின் கொடைக்கு உள்ளது போலவே அறக்கட்டளைகளின் கொடைக்கும் சொல்லப்படாத நோக்கம் இருத்தல் கூடும். நோக்கம் இருப்பது குற்றமன்று. அதனை அறியாது ஏற்பதும், அறிந்தும் அறியார்போல் ஏற்பதுமே குற்றம்.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். நெடுந்தீவிலிருந்து நள்ளிரவில் நோயாளி ஒருவரைக் கடல்கடத்திக் கொணர வேண்டியிருக்கும்போது, படகின் இயந்திரத்தை யார் கொடுத்தார், எதற்காகக் கொடுத்தார் என்று கேட்டிருத்தல் தகுமோ? வறியவர்க்கு நிபந்தனை விதிக்கும் உரிமையேது? இத்தடை வலியுடையது. உயிர் ஊசலாடும் பொழுதில் கிடைத்த கையைப் பற்றுதலே அறம். ஆயின் நல்கை அத்தகைய பொழுதில் வருவதன்று. மாதக்கணக்கில் எழுதி, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பெறப்படுவது அது. எழுதுதற்கு நேரமுள்ள இடத்தில் எண்ணுதற்கும் நேரமுண்டு. நிபந்தனை விதித்தல் இயலாதென்பதும் உண்மையன்று. ஆர்க்கேடியா அறக்கட்டளையின் ஆதரவோடு பிரித்தானிய நூலகம் 2004 முதல் நடத்திவரும் அழிநிலை ஆவணத் திட்டம், மூல ஆவணங்கள் தம் நாட்டைவிட்டு வெளியேறலாகாது என்பதைத் தன் விதியாகக் கொண்டுள்ளது. படி எடுக்கப்படும், மூலம் உரியவரிடமே இருக்கும். கொடுப்போர் தாமாகவே இவ்வாறு எல்லை வகுத்துக்கொள்ளல் இயலுமெனின், அவ்வெல்லையை ஏற்போர் கேட்டுப் பெறுதலும் இயலும்.

மார்செல் மோஸ் 1925இல் வெளிவந்த தம் ஆய்வில், பண்டைச் சமூகங்கள் பலவற்றில் கொடை என்பது கொடுத்தல், ஏற்றல், திருப்பியளித்தல் என்னும் மூன்று கடப்பாடுகளால் ஆனது எனக் காட்டினார். திருப்பியளிக்க வழியற்ற கொடை ஏற்றவனைத் தாழ்த்துகிறது. 12ஆம் நூற்றாண்டினரான யூத மெய்யியலார் மைமோனிடிசு அறக்கொடையை எட்டுப் படிகளாக வகுத்து, ஏற்பவன் பின்னர் எவரையும் நாடாவண்ணம் அவனை நிலைநிறுத்துவதே தலையாயது என்றார். இவ்விரு கருத்தும் ஒன்றுபடும் இடத்தை நம் காப்பியமொன்று முன்னரே கண்டுள்ளது.

மணிமேகலைக் காப்பியத்தின் மணிபல்லவம் நயினாதீவே என்பது அறிஞர் சிலரின் துணிபு, உடன்படாதாரும் உளர். அமுதசுரபியைப் பெற்றிருந்த ஆபுத்திரன், பாண்டிநாட்டில் மழை பெருகிப் பசித்தோர் இல்லாமற்போகவே, பசியுள்ள நாட்டைத் தேடிக் கலமேறி, மணிபல்லவத்தில் தனித்துவிடப்பட்டான். உண்பார் எவருமில்லாத தீவில் வற்றாத பாத்திரத்தோடு தான்மட்டும் வாழ ஒருப்படாது, அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டு உண்ணாநோன்பால் உயிர்நீத்தான். ஏற்பவன் இல்லையெனின் கொடையும் இல்லை. கொடுப்பவனே ஏற்பவனை வேண்டி நிற்கிறான் என்பது இதன் பொருள். பின்னர் அப்பாத்திரம் மணிமேகலையின் கையை அடைந்தபோதும் அது உடனே உலகூட்டத் தொடங்கவில்லை. ஆதிரை இட்ட முதற்பிச்சையின் பின்னரே ஊட்டத் தொடங்கியது. அள்ள அள்ளக் குறையாத கலமும் ஓரில்லத்தாளின் ஒரு பிடிச் சோற்றை வேண்டி நின்றது. எத்துணைப் பெரிய தொழினுட்பமும் ஊராரின் சொந்தப் பிடியரிசி அதனுள் விழுந்தபின்னரே ஊருக்கு உரியதாகிறது.

எனவே நல்கை வேண்டும் அமைப்புகளுக்குச் சில முடிபுகளைக் கூறலாம். அறிவிப்பு வெளிவருமுன்னரே தேவை ஊரவையில் பேசப்பட்டிருத்தல் வேண்டும். விண்ணப்பத்தில் வளத்தையும் வறுமையையும் உள்ளவாறே எழுதல் வேண்டும். மின்கலம் பழுதுற்றால் மாற்றுவார் யார், அதற்குப் பொருள் எங்கிருந்து வரும் என்பதைக் கொடுப்போர் கேளாவிடினும் தாமே கேட்டுக்கொள்ளல் வேண்டும். தம் பங்காக உழைப்பையோ அறிவையோ ஒரு பிடியேனும் முதலில் இடுதல் வேண்டும். பொருந்தாத கொடையை வேண்டாவென மறுக்கும் உரிமையைக் கைவிடலாகாது. மறுக்க வல்லவனே மானங்கெடாது ஏற்கவும் வல்லவன். வள்ளுவரின் இரு அதிகாரங்களுக்கும் இடையேயுள்ள எல்லைக்கோடு இம்மறுக்கும் ஆற்றலேயாகும். தீவகத்துச் சங்கமொன்று அடுத்த விண்ணப்பத்தை எழுத அமரும்போது, அக்கோட்டின் எப்பக்கத்தில் தான் நிற்கிறது என்பதைத் தீர்மானிப்பது அறக்கட்டளையன்று; பேனாவைப் பிடித்திருக்கும் கையே.