உயிருக்கு உணவாகும் அப்பம்

பசித்த வயிற்றோடு வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவனுக்கு நன்னெறிப் பாடம் ஏறாது என்பதை ஆசிரியராகிய நாம் அறிவோம். வயிறு நிறைந்த மாணவனுக்கும் அது தானே ஏறிவிடுவதில்லை என்பதையும் அறிவோம். மாந்தர்க்குப் பசி இருவகை. வயிற்றுப் பசி ஒன்று; உள்ளத்துப் பசி மற்றொன்று. கிறித்துவ சமயமோ இவ்விரண்டையும் ஒரே அப்பத்தில் இணைத்துக் காண்கிறது.

இயேசு பெருமான் சிலுவையில் அறையப்படுவதற்கு முந்தைய இரவில், சீடரோடு பந்தியமர்ந்து, அப்பத்தை எடுத்து, இறைவனுக்கு நன்றி கூறி, அதனைப் பிட்டு அவர்கட்கு அளித்தார். அது தம் உடல் என்றார். கத்தோலிக்கர் நற்கருணை என்றும், சீர்திருத்தச் சபையார் திருவிருந்து என்றும் போற்றும் வழிபாடு இதனின்று பிறந்தது. அவ்வப்பத்தில் கிறித்து மெய்யாகவே எழுந்தருளியுள்ளாரா, அன்றி அது நினைவுச் சின்னந்தானா என்பதில் சபைகள் வேறுபடும். 1529ஆம் ஆண்டு செருமனியின் மார்பர்க் நகரில் கூடிய லூத்தரும் சுவிங்கிலியும் இது குறித்து உடன்பாடு காணாமலே பிரிந்தனர். ஆயின், அப்பம் பிட்கப்பட வேண்டும், பலர்க்கும் பகிரப்பட வேண்டும் என்பதில் அவர்களிடையே வேற்றுமை இல்லை.

ஈண்டு ஓர் அறவினா எழுகிறது. அடுத்தவன் பசித்திருக்க ஒருவன் உண்ணும் அப்பம், அவன் உயிரை வளர்க்குமா?

இவ்வினா புதியதன்று. முதல் நூற்றாண்டில் கொரிந்து நகரச் சபையார் திருவிருந்துக்கெனக் கூடியபோது, சிலர் தம் உணவை முந்தி உண்டு, மதுவருந்திக் களித்தனர், இல்லாதார் பசியோடிருந்தனர். அதனைக் கேள்வியுற்ற பவுல், அவர்கள் உண்பது ஆண்டவரின் விருந்தே அன்று எனக் கடிந்து எழுதினார். அங்குக் கூட்டம் இருந்தது, பந்தியும் இருந்தது, பகிர்தல் ஒன்றே இல்லை.

பதினைந்து நூற்றாண்டுகள் கழித்து, கியூபாத் தீவில் அதே வினா ஒரு குருவின் நெஞ்சைத் தைத்தது. பர்த்தலோமே தெ லாஸ் காசாஸ் என்னும் அவர், இசுபானிய ஆட்சி தமக்கு ஒப்படைத்த பழங்குடியினரின் கட்டாய உழைப்பால் வாழ்ந்தவர். 1514ஆம் ஆண்டு, பெந்தகொஸ்தே திருநாள் மறையுரைக்காகச் சீராக் நூலைப் படித்தார். ஏழையின் உணவைப் பறிப்பது கொலைக்கு ஒப்பாகும், அவன் பொருளைக் கவர்ந்து படைக்கும் பலியை இறைவன் ஏற்பதில்லை என்னும் கருத்தை அங்குக் கண்டார். அப்பழங்குடியினரை விடுவித்தார், அவர்தம் உரிமைக்காகவே 1566இல் மறையும்வரை வாதாடினார். அவரும் பிழை செய்யாதவர் அல்லர். இடையில், ஆப்பிரிக்க அடிமைகளைக் கொணரலாம் எனக் கூறியிருந்தார். பின்னர் அதற்காகவும் வருந்தினார். விழித்த மனச்சான்று மீண்டும் உறங்கவில்லை எனலாம்.

இயேசு கற்பித்த மன்றாட்டு, உணவை 'எனக்கு' என்று கேட்பதில்லை. 'எங்களுக்கு' என்றே கேட்கிறது. அந்த ஒரு பன்மையில் அறம் முழுதும் அடங்கியுள்ளது. தனித்து உண்ட அப்பம் உடலோடு நின்றுவிடும். பகிர்ந்து உண்டதே உயிருக்கும் உணவாகும். எச்சமயத்தவராயினும், உண்ணும் முன் நம் பந்தியில் இடமின்றி நிற்பவர் யார் என ஒருமுறை நோக்குதல் நம் கடனாகும்.